ஏழாவது மாடி வெயிலுக்கு ஒரு டிவி

2024 ஜனவரி 7, ஞாயிறு

இன்று பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு, புது டிவி வாங்குவதென்று இவ்வீட்டில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இன்னொரு உறுப்பினரான என் மனைவி சேசம்மாள் அப்போது அடுக்களையில் இருந்தாள். துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கூட்டக் குறிப்பு எழுதியவன், நேரம் தவறக்கூடாது.

காரணம் வெயில். தாராவியிலிருந்து செம்பூருக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஏழாவது மாடி, மேற்குப் பார்த்த பெரிய சன்னல். இரண்டு மணிக்கு வெயில் ஹாலுக்குள் வந்து, ஆறு மணி வரை ஊரிலிருந்து வந்த சொந்தக்காரன் மாதிரி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. டிவியில் கிரிக்கெட் போட்டால், பனியன் போட்ட கிழவன் ஒருவன்தான் தெரிகிறான். அவனுக்கு ஆட வராது.

எதிர் மனையில் நீலத் தகரம் அடித்துக் குழி தோண்டுகிறார்கள். மெஷின் சத்தம். ஆகவே தற்போது எங்கள் டிவியில் படமும் இல்லை, ஒலியும் இல்லை.

ஜனவரி 9, செவ்வாய்

சன்னலுக்குத் திரை போடலாமே என்றேன்.

"முப்பது வருசம் பட்டப்பகல்ல டியூப்லைட்டப் போட்டு அரிசில கல்லு பொறுக்கிருக்கேன். இப்பத்தான் சூரியன் நம்ம வீட்டத் தேடி வந்திருக்கு. அது மூஞ்சில துணியப் போட்டு மூடச் சொல்லுதியளா?"

ஹாலின் நடுவே, வெயில் விழும் சதுரத்தில், மோர் மிளகாய் காய்கிறது. பக்கத்தில் அவளும் காய்கிறாள். முழங்கால் வலி பாதியாகிவிட்டதாம்.

டிவியை வேறு சுவருக்கு மாற்றலாம்தான். ஒரு சுவரில் அடுக்களை வாசல். மற்றதில் திருஇருதய ஆண்டவர் படம்.

"அவர எறக்கிட்டு அங்க வைங்களேன், பாப்போம்."

வைக்கவில்லை.

ஜனவரி 10

டிவி மாறலாம், சூரியன் மாறாது. இது அவள் நிபந்தனை. நியாயமாகத்தான் இருக்கிறது. அதனாலேயே எரிச்சல்.

ஜனவரி 13, சனி

மாலில் ஒரு பெரிய கடை. வந்தனா என்ற பெண் என்னை ஓர் இருட்டறைக்குள் அழைத்துப் போய், அங்கிருப்பதிலேயே விலை கூடிய டிவியைப் போட்டாள். அதன் கறுப்பு எவ்வளவு கறுப்பு பாருங்கள் என்றாள், ஹிந்தியில். உண்மைதான். எங்கள் தாராவி அறை நண்பகலில் அப்படித்தான் இருக்கும்.

வெயிலில் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பர்தா லகாவோ நா, அங்கிள்." திரை போடுங்களேன் என்கிறாள்.

"பீவி நஹீன் லகானே தேத்தி." மனைவி போட விடமாட்டாள் என்றேன்.

அந்தப் பெண் அதற்குமேல் என்னிடம் எதையும் விற்க முயலவில்லை.

ஜனவரி 20, சனி

என்ன நாள்!

மாட்டுங்காவில் ஞானராஜ் அண்ணாச்சியின் டிவி கடை. சேசம்மாளும் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்டார்: "சன்னலுக்கு நேர் எதிர்ல எவனாவது டிவி மாட்டுவானா அண்ணாச்சி?"

நான் மாட்டினேன். தாராவியில் டிவி வாசலைப் பார்த்துத்தான் இருக்கும். சந்தில் நிற்பவர்களும் பார்க்கவேண்டுமே. மேட்ச் அன்று வாசலில் பதினைந்து தலை. அந்தப் பழக்கத்தில், புது வீட்டில் இருப்பதிலேயே பெரிய திறப்பைப் பார்த்து மாட்டிவிட்டேன். அது ஏழாவது மாடி சன்னல் என்பதும், அந்தப் பக்கம் பார்ப்பதற்குப் புறாக்கள் மட்டுமே உண்டு என்பதும் பிறகுதான் உறைத்தது.

அவரும் தாராவியில் இருந்தவர். யோசித்துவிட்டு, "ஆமா, வேற எப்படி மாட்ட முடியும்?" என்றார்.

நான் பையிலிருந்து டார்ச்சை எடுத்து ஒவ்வொரு டிவி முகத்திலும் அடித்துப் பார்த்தேன்.

"யோவ், டாக்டரா நீரு? வெயில்தான வேணும்? வெளிய வாரும்."

மூன்றரை மணிக்கு, நல்ல மேற்கு வெயிலில், ஃபுட்பாத்தில் இரண்டு டிவிகள். ஒயர் இழுத்து, இரண்டிலும் ஒரே பழைய மேட்ச். ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர். ஒரு பஸ் நின்றேவிட்டது. இடப்பக்க டிவியில் நாங்கள் எல்லோரும் தெரிந்தோம், பஸ் உட்பட. வலப்பக்க டிவியில் பேட்ஸ்மேன் தெரிந்தான்! அதற்கு வெளிச்சம் அதிகம். கண்ணாடி மினுக்கம் இல்லாத மங்கல் முகம். இருட்டறையில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம். சிக்ஸர் போனதும் நாற்பது பேரும் கத்தினார்கள். நானும். பதினொரு வருடத்துக்கு முந்தைய சிக்ஸர் அது.

சேசம்மாள் குடையை மடக்கினாள். "இத எடுங்க. வெயிலு எனக்கு, டிவி உங்களுக்கு."

ஜனவரி 26, வெள்ளி

மாட்டியாயிற்று. மூன்று மணி, முழு வெயில், சன்னல் திறந்தபடி. பந்தின் தையல் தெரிகிறது. தையல்!

தாராவிச் சந்தில் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்த பேராச்சி வந்திருந்தாள். வெயில் சதுரத்தில் மிளகாயை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"ஏட்டி சேசம்மா, வெயிலும் இருக்கு, டிவியும் இருக்கு. இனி உனக்கு என்னட்டி வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள் சேசம்மாள். முப்பத்திரண்டு வருடத்தில் நான் முதல்முறை கேட்ட பதில். பதிந்துகொள்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

எதிர்க் கட்டடம் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டது. மழைக்கும் நிறுத்தவில்லை. சுறுசுறுப்பானவர்கள்.

டிசம்பர் 22, ஞாயிறு

எதிர்க் கட்டடம் பத்து மாடி ஆகிவிட்டது. வெயில் இன்று மூன்றேகாலுக்கே அதன் பின்னால் போய்விட்டது. சேசம்மாள் மிளகாயை நகர்த்தி நகர்த்தி சன்னல் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டாள். கிறிஸ்துமஸ் வேலை தலைக்குமேல் கிடக்க, அங்கேயே நின்றாள்.

"மொத்தம் எத்தன மாடியாம்?"

விசாரித்திருந்தேன். இருபத்திரண்டு. தெரியாது என்றேன் — ஏன் அப்படிச் சொன்னேன்?

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

மேட்ச். எதிர் ஏழாவது மாடியில் சிமெண்டு மூட்டைகள்மேல் ஐந்து பேர் உட்கார்ந்து எங்கள் டிவியில் பார்த்தார்கள். இடையில் முப்பது அடிகூட இருக்காது. சத்தம் கேட்கவில்லை என்று ஒருவர் காதைக் காட்டினார். கூட்டினேன். படம் அங்கேயும் தெளிவாகத் தெரிகிறதாம், கட்டைவிரலை உயர்த்தினார்.

மூன்று மணிக்கு சேசம்மாள் எழுந்து டியூப்லைட்டைப் போட்டாள்.