ஏழாம் எண் படிவம்

உழவர்கரை,
புதுச்சேரி.
16-11-2008

அன்புள்ள இனியாவுக்கு,

சங்கரி அக்கா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். லியோனில் குளிர் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டர் வாங்கினாயா, இல்லை இரண்டு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போகிறாயா? உன்னை எனக்குத் தெரியும். முதலில் ஸ்வெட்டர் வாங்கு.

இங்கே பத்து நாளாக விடாத மழை. காலாப்பட்டு பஸ்ஸில் போனவாரம் அந்தப் பழைய கண்டக்டரைப் பார்த்தேன். ஐஸ் பெட்டியை எங்கேம்மா காணோம், மீன் யாவாரத்தை விட்டுட்டீங்களா என்று கேட்டார். அத்தனை நாளும் அதற்குள் இருந்தது உன் ஆய்வுக்காக எடுத்த பன்னிரண்டு பெரியவர்களின் மலம் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவை பஸ்ஸில் ஏற்றமாட்டார்.

சுற்றி வளைக்கிறேன், தெரிகிறது. போன ஞாயிறு நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆய்வுக் கட்டுரையை இந்த மாதக் கடைசியில் பத்திரிகைக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாய். பதினொரு பேருக்கு வல்லாரையும் நீர்ப்பிரமியும் சேர்ந்த அந்த ஞாபகசக்திப் பொடி குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைக் கூட்டியிருக்கிறது, ஏழாம் எண்காரருக்கு மட்டும் அடியோடு அழித்துப் பேதியையும் கொண்டுவந்திருக்கிறது, வயதானவர்கள் சிலருக்கு இந்த மூலிகை ஆகாது என்று எழுதியிருப்பதாகச் சொன்னாய். நான் 'சரிம்மா, சரிம்மா' என்று போனை வைத்துவிட்டேன். ஏழாம் எண் என் அப்பா. அவர் குடலைக் கெடுத்தது உன் பொடி இல்லை, இனியா.

இந்தக் கடிதத்தோடு ஒரு காலி மாத்திரை அட்டை வைத்திருக்கிறேன், பார். பொடி தொடங்கி நாற்பதாவது நாள் அப்பா கொல்லைப்பக்கம் ஆணியை மிதித்துவிட்டார். கால் சீழ் வைத்தது. தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வேளையும் என் கையாலேயே கொடுத்தேன். அந்த வாரக் கடைசியில்தான் வயிறு போக ஆரம்பித்தது. உன் கைக்கு வந்த இரண்டாவது மாதிரி அதற்குப் பிறகு எடுத்தது.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வல்லாரையின் சத்தை உடைத்து உடம்புக்குத் தருவதே அந்த பாக்டீரியாக்கள்தான், அவற்றையே கொன்றுவிட்டால் பிறகு எதை எண்ணுவது என்று நீ எனக்குப் பாடம் எடுத்தாயே. அதைத்தான் கருவடிக்குப்பத்து மணியம்மாள் வீட்டிலும் மற்ற வீடுகளிலும் போய் நான் ஒப்பித்தேன். கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆனால் எடுத்துவிட்டால் இரண்டாம் கட்டத்தில் தரும் அடுத்த மூன்று மாதப் பொடி அப்பாவுக்குக் கிடைக்காது. நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் பார்த்திருக்கிறாய், அவர் என்னை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார். கையில் படிவமும் பேனாவுமாகத் திரிகிறவள் வேறு யாராக இருக்க முடியும்? அந்தப் பொடி தொடங்கி ஒரு மாதத்தில் இரண்டு தடவை என் பெயரைச் சொன்னார். பொடியால்தான் என்று நிச்சயமாகச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. எனக்கு அந்த இரண்டு தடவை போதுமானதாக இருந்தது.

அறுபதாவது நாள் படிவத்தை எடுத்துக்கொண்டு அப்பா எதிரில் உட்கார்ந்தேன். மற்ற வீடுகளில் கேட்பதுபோலவே, இந்த மாதத்தில் வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். காலையில் இட்லி தின்றதே நினைவில்லாத மனுஷரிடம் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் முழுங்கலியே, சங்கரி" என்றார். 'இல்லை' என்று எழுதி, அவர் கட்டைவிரலை மையில் அழுத்தி ரேகை வாங்கினேன். அவர் சொன்னதைத்தானே எழுதினேன் என்று நாலு மாதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்டேன்.

அதன் பலனைப் பார். பேதியைப் பார்த்துப் பயந்து, இங்கே ஆய்வுக்குப் பொறுப்பான ஜானகிராமன் சார் இரண்டாம் கட்டத்தையே நிறுத்திவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அப்பாவுக்காகப் பொய் சொன்னேன், அப்பாவுக்கும் இல்லாமல் பதினொரு பேருக்கும் இல்லாமல் போனது. மணியம்மாள் என்னை வழியில் பார்க்கும்போதெல்லாம், "பொடி எப்பம்மா கொண்டாருவ?" என்று கேட்கிறார். நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு நழுவிவிடுகிறேன். இப்போது உன் பெயரில் அந்தப் பொய் அச்சாகப்போகிறது. வல்லாரை ஆகாது என்று படிக்கிறவர்களெல்லாம் நம்பப்போகிறார்கள்.

ஏழாம் எண்ணை எடுத்துவிடு, இனியா. ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்டால் என் பெயரைத் தாராளமாகச் சொல். நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருந்தால் அதையும் அடித்துவிடு. நாளை திங்கட்கிழமை சாரிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். வேலை போகும். போகட்டும். பிறகு பதினொரு வீட்டுக்கும் போய், பொடி நின்றது என்னால்தான் என்று சொல்லிவிட்டு வருவேன்.

அப்பாவிடம் வியாழக்கிழமையே சொல்லிவிட்டேன். முதலில் அவர்தான் பொய் சொல்லிவிட்டதாக நினைத்துப் பதறிப்போனார். மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன், ஒரு நாள்கூடப் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்று புரியவைக்கவே நேரமாகிவிட்டது. புரிந்ததும், "போவுது, உட்டுரும்மா" என்று என் தலையைத் தடவினார். மறுநாள் காலையில் அவருக்கு எதுவும் நினைவில்லை. மனசு கேட்காமல் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் பதறினார், மறுபடியும் மன்னித்தார். நேற்றும் சொன்னேன். இனிமேல் சொல்லி அவரைப் பாடுபடுத்தக் கூடாது.

உனக்கு எதுவும் மறக்காது. அதனால்தான் உனக்கு எழுத நாலு மாதமானது. உடனே பதில் போட வேண்டாம். கோபம் தீர எத்தனை நாளானாலும் ஆகட்டும். ஒரே ஒரு தடவை நீ மன்னித்தால் போதும், எனக்கு அது ஆயுசுக்கும் இருக்கும். வேளைக்குச் சாப்பிடு. உன் பெயருக்கு ஒரு குறையும் வராமல் படிப்பு நல்லபடியாக முடியட்டும்.

இப்படிக்கு,
உன் சங்கரி அக்கா