ஓரத்தில் இறங்கும் பழக்கம்

அன்புள்ள கஜந்தினிக்கு,

உமது முதுகுப்பிடிப்பு குறைந்ததா? நான் சுகம். போனில் கதைத்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவீர் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று வேலைக்குச் சைக்கிளில் போகையில் பின்னால் ஒரு வான் வண்டியின் சத்தம் கேட்டது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் சட்டென்று ஓரத்தில் இறங்கி, பற்றைச் செடிகளுக்குள் விழுந்துவிட்டேன். முழங்காலில் சின்ன உரசல்தான். இந்த ஹொலண்ட் நகரசபை சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டு, வாகனம் ஏறாதபடி கல்லும் கட்டியிருக்கிறது. வான்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டு, "ஏன் இறங்கினீர்கள்? அது உங்கள் பாதைதானே?" என்று கேட்டார்.

யாராவது இங்கே வந்தால் நோவெண்ணெய் ஒரு போத்தல் கொடுத்துவிடும். பூசிவிட ஆளில்லை, மணமாவது இருக்கட்டும்.

எங்கள் றோட்டை அகலமாக்கி, ஓரத்தில் மூடியில்லாத வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள் என்றீரே, அதிலிருந்து எனக்கு நித்திரையில்லை. மகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில்தான் மயிலிட்டி மீன் வான்களும் பறக்கும். பிரதேச சபைத் தவிசாளரை நேரில் கண்டு கதையும். பிள்ளைகளுக்கு ஒரு பாதை பிரித்துக் கல்லுக் கட்டச் சொல்லும். அதுவரை வாய்க்காலுக்கு மூடியாவது போடட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மகள் அன்றைக்குப் போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "பயப்பிடாதேங்கோ அப்பா, வான் வந்தா நான் கெதியா ஓரத்திலை இறங்கிடுவன்."

இனி எங்கே இறங்குவாள்?

உமது
கோபிசங்கர்