வடிகட்டியில் மினுங்கிய தூள்

அன்புள்ள அக்கா,

நேரில் வந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மாமா நாளை ஓட்டப்போகும் குட்டி விமானத்தின் எஞ்சினை இன்று எங்கள் பட்டறையில் நான்தான் சோதித்தேன். கணக்குப்படி, அதைப் பிரித்துப் புதுப்பிக்க இன்னும் முந்நூறு மணி நேரப் பறப்பு பாக்கி இருக்கிறது. ஆனால் நான்கு வருடம் பறக்காமலே நின்றதில் உள்ளே துருப்பிடித்துவிட்டது. எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பார்த்தேன், இரும்புத்தூள் மினுங்கியது. உள்ளே பாகங்கள் அரைபடுகின்றன, நடுவானில் எஞ்சின் நின்றுவிடலாம்.

"அதான் மணி பாக்கி இருக்கேம்மா" என்ற முதலாளி, பறக்கலாம் என்று வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். மாமாவோ, "என் மச்சினிச்சிகிட்ட விட்டா, தும்மினாலே ஆபரேஷன்தான்!" என்று எல்லோர் முன்பும் சிரித்தார்.

நீ சொன்னாலும் அவர் கேட்கமாட்டார்.

பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு போய் மேகம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாராமே. காய்ச்சல் என்று பொய் சொல்லி, அவளையாவது வீட்டில் வைத்துக்கொள், அக்கா.

உன் தங்கை