முற்றத்து ஓக் மரம்

அன்பு மகளுக்கு,

உன் அப்பா செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். அலபாமா முழுவதிலிருந்தும் பூக்கள் வந்து குவிகின்றன. மர ஆலை முதலாளி, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிக் கொடுத்த மேயர் அல்லவா.

புதுத் தேவாலயத்தின் பிரசங்க மேடைக்கு நம் முற்றத்து ஓக் மரத்தை வெட்டினார். முதல் பலகையை நானே அறுப்பேன் என்று பிடிவாதம். மேஸ்திரி பர்விஸ் பயந்துபோய் என்னிடம் வந்தான்.

"வீட்டு மரம்னாலே வம்புதாம்மா. ஆணி கீணி அடிச்சிருக்கீங்களா?"

"நான் ஒரு ஆணியும் அடிச்சதில்ல, பர்விஸ்."

சின்ன வயதில் உன் தம்பி அந்த மரத்தில் ஏற இரும்பு முளைகள் அடித்தானே, அப்பாவுக்குத் தெரியாமல் நீதான் சுத்தியல் எடுத்துக் கொடுத்தாய். அவற்றை மரம் எப்போதோ விழுங்கிவிட்டது.

ரம்பம் இரும்பில் பட்டுச் சிதறியது. ஒரு துண்டு அவர் கழுத்தைப் பாதி அறுத்துவிட்டது. மரத்தூள் சேறாகும் அளவுக்கு ரத்தம்.

"மத்த ரம்பங்களையும் நிறுத்தச் சொல்லட்டுமாம்மா?" பர்விஸ் அழுதான்.

ஆலையில் உன் தம்பியை ரம்பம் இழுத்துக் கொன்ற அன்று உன் அப்பா சொன்னதை, நீ வீட்டைவிட்டுப் போகக் காரணமான அதே வார்த்தைகளை, நானும் சொன்னேன்.

"ஓடட்டும். சாயங்காலம் லோடு போகணும்."

நீ இனி வீட்டுக்கு வரலாம்.

அம்மா