மூன்று பேர் தின்ற உப்பில்லாத குழம்பு

நண்பா,

பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் வாசனை விடுவதாயில்லை. உடனே நீதான் வந்து நின்றாய், தட்டு நிறையக் கருவாடும் ஓரத்தில் ஊறுகாயுமாக.

அறுபதுகளில் தீவில் அபர்டீன் பஜாருக்குப் பின்னால் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம். நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாய், நான் ஆபீஸ் கிளார்க், மூன்றாவது ஆள் நாம் தாதா என்று கூப்பிட்ட வங்காளி அண்ணன். ஒரே அடுப்பு, ஒரே சட்டி. மெயின்லேண்ட் கப்பல் தாமதமானால் காய்கறி கண்ணில் படாது. கருவாடும் ஊறுகாயும்தான் நம்மைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தோம்.

உனக்கு அடிக்கடி தலைவலி. கடை மாத்திரையை மிட்டாய் மாதிரி மென்றாய். சாயங்காலமானால் கால் வீங்கும். "நின்னுக்கிட்டே இருந்தா வீங்காதா?" என்பாய். ஒருநாள் கிரேனிலிருந்து இறங்கி, மூச்சு வாங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாய்.

துறைமுக டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார். "பிரஷர் ஏறினா இதயமும் கிட்னியும் சேர்ந்தே கெடும். உப்பைக் குறைங்க, பீடியை விடுங்க. அந்தத் தலைவலி மாத்திரையும் கிட்னிக்கு ஆகாது. நான் தர்றதை மட்டும் விடாம சாப்பிடுங்க. மூணு மாசத்துல குறையலைன்னா அன்ஃபிட்னு எழுதி மெயின்லேண்டுக்கு அனுப்பறதைத் தவிர வழியில்லை" என்றார். ஊரில் உன் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே இருந்தது.

ஒரே சட்டியில் இரண்டு குழம்பு எப்படி வைப்பது? மூவருமே உப்பைக் குறைத்தோம். "நமக் கிதர் ஹை, பாய்?" என்று உப்பைத் தேடித் தாதா தினமும் தட்டைத் தட்டுவார். எனக்கும் எரிச்சல்தான். மிளகையும் எலுமிச்சையையும் போட்டு ஒப்பேற்றினேன்.

கெடு முடிந்ததும் மூவரும் போனோம். டாக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நல்லாக் குறைஞ்சிருக்கு. வேலைக்குப் போங்க, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். நீ அழுதாய், அப்புறம் சிரித்தாய். தாதா விளையாட்டாகத் தன் கையையும் நீட்டினார். அவருக்குப் பிரஷர் உன்னுடையதைவிட அதிகம். தலைவலியோ வீக்கமோ இல்லாத மனுஷன், ஒருநாள் லீவு போட்டதில்லை. "முஜே தோ குச் நஹீ", எனக்கு ஒன்றுமே இல்லையே, என்று விழித்தார். "வெளியில ஒண்ணும் தெரியாது, அதுதான் இதோட குணம்" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு நம் அறையில் உப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

உன்னை நோயாளியாகக் கப்பலேற்ற இருந்தார்கள். நீயோ சர்வீஸ் முழுவதும் முடித்து, கழுத்தில் மாலையோடு, உன் பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு ஏறினாய். போன மாதம் உன் மகன் போனில், "அப்பா எண்பதைத் தாண்டிட்டுத்தான் போனார், மாமா" என்றான். அழுகையிலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெயித்துவிட்டாய், அப்பனே.

வருஷாவருஷம் நான் டாக்டர் முன்னால் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு போய் உட்காருகிறேன். இப்போதிருக்கிறவர் சின்னப் பெண். "என்ன தொந்தரவு, ஐயா?" என்று கேட்பாள்.

"ஒண்ணுமில்லைம்மா. அதனாலதான் வந்தேன்" என்பேன்.