பெட்டிக்குள் காத்து

மே 4
ஒருவழியாகக் கம்ப்யூட்டரைப் பெட்டிக்குள் பொருத்திவிட்டேன். காலணிப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்குள் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, மூன்று காற்றாடி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. மேசைக்கடியில் முக்காலி மேல் வைத்திருக்கிறேன். ஆனால் கேம் தொடங்கினால் 85 டிகிரி!

கார்டை விற்ற மகிந்தனுக்கே போன் போட்டேன். சிரம்பான்காரன், எங்கள் கேம் டீம் கேப்டன். என் அறையில் லைன் கிடைக்காது. கூடத்தில் நின்று கத்தினேன். "காத்து உள்ள வந்துருது லா, வெளிய போக மாட்டேங்குது!"

மேல் காற்றாடியைத் திருப்பி மாட்டியிருக்கிறேனாம். சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மே 5
சரியாக மாட்டினேன். கீழே இரண்டு காற்றை இழுக்கின்றன, மேலே ஒன்று வெளியே தள்ளுகிறது. 70. இனி பதினேழாம் தேதி ஆட்டம்தான். ஜெயித்தால் கோலாலம்பூர், இறுதிச் சுற்று. எனக்கு இது வேண்டும். ரொம்ப வேண்டும்.

மே 7
விமலா அண்ணி பகாவ் ஊரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய் வந்தார். வந்ததிலிருந்து என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

மே 9
பயிற்சி ஆட்டத்தின் நடுவில் பெட்டி அணைந்துவிட்டது. 94! நான் எதையும் தொடவில்லை. திறந்து பார்த்தேன், மூன்று காற்றாடியும் சுற்றத்தான் செய்கின்றன.

மகிந்தன் சொன்னது: "இன்னொரு தடவ நடுவுல போனா பிரேமநாதன போட்டுருவேன், மோகனா." பிரேமநாதன் அவன் சித்தப்பா மகன். அப்படியென்றால் — வெந்துபோன கார்டு என்று தெரிந்தேதான் என் தலையில் கட்டினானா?

மே 10
வேலை முடிந்து வந்தேன். அண்ணி என் அறையிலிருந்து வெளியே வருகிறார். கூட்டினாராம். கையில் துடைப்பத்தைக் காணோம்.

மே 12
இன்றும் அணைந்தது. சோறு போட்டுக்கொண்டே அண்ணி மெதுவாகக் கேட்கிறார்: "காத்து போயிருச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர் காத்தைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? யார் கேட்கச் சொன்னது? மகிந்தனா? சீ, அவனை இவருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் கேட்டாரே!

மே 13
அனுப்பிவிட்டேன். டீம் குரூப்பில், எல்லாரும் பார்க்கட்டும் என்று. "ஒன் சித்தப்பா மகன உள்ள கொண்டாரத்தானே கெட்டுப்போன கார்ட எனக்குத் தள்ளிவிட்ட?"

மகிந்தன் பார்த்துவிட்டான். குட்டு உடைந்தது!

மே 14
பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். 67. மூடினால் ஏறுகிறது. கார்டு கெட்டதென்றால் திறந்து வைத்தாலும் சுட வேண்டுமே? பெட்டியைத் தூக்கினேன். அடியில் ஒரு சிவப்புத் துணி, நாலாக மடித்து, திருநீறு தடவி. காற்றாடி இழுத்த இழுப்பில் அடிச்சல்லடையோடு ஒட்டிக் கிடக்கிறது.

அண்ணியிடம் கொண்டுபோய்க் கத்தினேன். "எதுக்கு வெச்சீங்க இத?"

அழுதுவிட்டார். "நீதானே போன்ல சொன்ன, காத்து உள்ள வந்துருது, வெளிய போக மாட்டேங்குதுன்னு. தனியா வேற பேசிக்கிட்டு இருந்த. காத்து கருப்பு ஏதும் அடிச்சிருச்சோன்னு பயமா இருந்துச்சு லா. பகாவ்ல பூசாரிகிட்ட மந்திரிச்சு வாங்கியாந்தேன். ஒனக்கு ஒண்ணுன்னா ஒங்கண்ணன் என்னத்தானே கேப்பாரு?"

நான் எந்தக் காத்தைச் சொன்னேன், அவர் எந்தக் காத்தைக் கேட்டிருக்கிறார்! ஹெட்செட்டில் டீமோடு பேசியதும் அவருக்குத் தனியாகப் பேசுவதாகப் பட்டிருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். குரூப்பைத் திறந்தேன், நான் எழுதியதை எல்லாரும் படித்துவிட்டார்கள்.

மே 15
அதே குரூப்பில் மன்னிப்புக் கேட்டேன். மகிந்தன் பதில்: "பரவால்ல. பிரேமநாதன் பேர நேத்தே குடுத்தாச்சு."

மே 17
பெட்டி 66ல் ஓடுகிறது. ஆட்டத்தை அதிலேயே நேரலையில் பார்த்தேன். பிரேமநாதன் நன்றாகவே ஆடினான், பொய் சொல்லக் கூடாது. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் ஐந்து பேர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல நீ எது, மோகனா?"

"இதுல நான் இல்ல, அண்ணி."