தொப்பிக்காரன் ஓடுற படம்

ஜூன் 8, ஞாயிறு

பேய்ப் படம். எஸ்டேட் பங்களாவில் வெள்ளைக்காரச்சிப் பேய், அதுவும் சுத்தத் தமிழில் அழுகிறது. பதினோரு வருசம் பங்களா வேலைக்குப் போனவள் நான். எலியைத் தவிர எதுவும் என்னைப் பயமுறுத்தினதில்லை. இடைவேளைக்குள் எட்டுத் தடவை கதவு தானாகத் திறக்கிறது. நல்ல தாழ்ப்பாளாக ஒன்று போட்டிருந்தால் படமே வந்திருக்காது.

அவர் வரவில்லை. டிராக்டரும் வரவில்லை.

ஜூன் 22

காதல் படம். கதாநாயகி தேயிலைக்குள் ஓடுகிறாள். யாரால் ஓட முடியும்? ரெண்டு எட்டு வைப்பதற்குள் கிளை சேலையைப் பிடித்து இழுக்கும், கால் கிழியும், அட்டை ஏறும். இவள் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள். நின்ற இடத்தில் கொழுந்தை விட்டுவிட்டு முத்தின இலையாகப் பார்த்துப் பறித்துக் கூடையில் வேறு போடுகிறாள். எங்கள் தேவநேசன் சூப்பர்வைசர் பார்த்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்.

யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

போன வருசம் மார்ச்சில் எங்கள் மேல்காட்டில் ஷூட்டிங். கேட்டை மூடிவிட்டார்கள். டிராக்டர் ஓட்ட என் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு வசனமும் கொடுத்தார்களாம். சாயங்காலம் வந்து கண்ணாடி முன்னால் நின்று எனக்குப் பேசிக் காட்டினார். "அந்தப் பக்கம் போகாதீங்க, காட்டுமாடு நிக்குதுங்க." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏனுங்க, மூஞ்சியக் கண்ணாடில பாத்தீங்களா?" என்று கேட்டேன். சொன்னேனே அப்படி. "படம் வரட்டும், அப்பப் பாரு" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, தன் கூடப் பிறந்த அக்காவிடம்கூட.

இந்தத் தை மாசம் நெஞ்சுவலி என்று கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம். பர்லியார் தாண்டுவதற்குள் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டார்.

படத்துக்கு அப்போது பெயர் வைக்கவில்லை, கிளாப் பலகையில் நம்பர்தான் இருந்தது என்றார். ஹீரோவும் வரவில்லை. தொப்பி போட்ட ஒருத்தன் ஓடி வந்தானாம், அது டூப்பாம். ஓடினான் என்றால் துரத்தியது யார்? பேயா, போலீஸா, பெண்ணைப் பெத்தவனா? எந்தப் படம் என்று நான் எங்கே போய்த் தேட? ஷூட்டிங் மேனேஜர் நம்பர் எப்போது போட்டாலும் அணைத்தே கிடக்கிறது. குன்னூருக்கு வருகிற எல்லாப் படத்தையும் பார்ப்பதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

ஜூலை 6

கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்கிற படம். டாக்டர்தான். பெரிய நடிகரைக் கூட்டி வந்து முதல் பாதி முழுக்க டீ குடிக்க விட்டால் வேறு யாராக இருக்கும்? இடைவேளையிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் எழுந்து வர முடியாதே. ஒன்னுக்குக்கூடப் போக முடியவில்லை. அந்த நேரத்தில் அவர் வந்துவிட்டுப் போய்விட்டால்?

வரவில்லை.

ஜூலை 20

சிரிப்புப் படம். ஒரே ஒரு இடத்தில் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் படம் முடியும் வரை எனக்கு என் மேலேயே எரிச்சல்.

ஆகஸ்ட் 3

அப்பா பாசம். தியேட்டரே மூக்கைச் சிந்துகிறது, எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அந்த அப்பா சாவதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். மகனுக்குப் புத்தி சொல்லி, மருமகளை ஆசீர்வாதம் பண்ணி, வயலைப் பற்றிப் பேசி... அப்படியெல்லாம் யாருக்குக் கிடைக்கிறது? இவர் "தண்ணி" என்றார். பாட்டில் மூடியைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு வீட்டில் ஒரு சாவுகூட விழுந்ததில்லையா?

டிக்கெட் கிழிக்கிற ஷிஜோ கூடலூர் மலையாளிப் பையன். "சேச்சி, இதுவும் பார்க்கணுமா? படம் கொள்ளாது" என்றான். நல்ல படம் என்று யார் சொன்னது? டிக்கெட்டை நீட்டிவிட்டு உள்ளே போனேன்.

செப்டம்பர் 7

போக முடியவில்லை. கொழுந்து குவிந்து கிடக்கிறது, ஃபேக்டரியில் ஞாயிறும் வேலை. ஏதோ போலீஸ் படமாம், போஸ்டரில் மலை இருந்தது. மூணே நாள்தான் ஓடுமாம்.

செப்டம்பர் 10

எடுத்துவிட்டார்கள். அதுவாக இருந்தால்? ஐயோ, அதுவாக இருந்தால் நான் என்ன செய்ய?

செப்டம்பர் 14

ஷிஜோவிடம் கேட்டேன். மலை வந்ததா? வந்தது. டிராக்டர்? அவன் யோசித்து, யோசித்து, "ஜீப் உண்டு சேச்சி, டிராக்டர் கண்ட மாதிரி இல்ல" என்றான். நம்புவதா வேண்டாமா? இன்றைக்குப் பார்த்தது சாமி படம். கிராபிக்ஸ் பாம்பு ஒன்று ரெண்டரை மணி நேரம் படம் எடுத்து ஆடியது. தலைவலி.

செப்டம்பர் 21

சுகந்தி கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினாள். "அம்மா, அத்தை கூப்ட்டாங்க. வாரா வாரம் சினிமாவுக்குப் போறியாமா? அப்பா போயி வருசம்கூட ஆகல. எனக்குக் கேவலமா இருக்கும்மா."

பெத்த மகள். சொல்லியிருக்கலாம். அப்பா பேசிக் காட்டினபோது அம்மா சிரித்தாள் என்று எந்த வாயால் சொல்ல? "சரி, வெச்சிடு" என்றேன்.

செப்டம்பர் 28

இன்றைக்கு மழை, போகவில்லை. போகாத நாளில்தான் மதினி வந்து நிற்கிறார். இவருடைய அக்கா, பாலாமணி. எஸ்டேட் குடியிருப்பில் அடுத்த லைனில்தான் வீடு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ற தம்பி போயி ஒம்பது மாசந்தான் ஆச்சு வனிதா. சீவி முடிச்சுட்டு ஞாயித்துக்கெழம ஆனாப் போறே. தனியா யாராச்சும் படத்துக்குப் போவாங்களா? அங்க யாரு இருக்கா?"

யாரு இருக்கா! உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. ஃபேக்டரியில இலைத்தூசி தின்னு, தனியாக் கெடந்து, பாம்பையும் பேயையும் பார்த்துத் தலைவலியோட பஸ்ஸுல நின்னுக்கிட்டே வர்றேன், எனக்கு இது வேணும். "இருக்காங்க மதினி. அடுத்த வாரம் நீங்களே வந்து பாருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இப்போது லைன் முழுக்கப் பரவியிருக்கும்.

அக்டோபர் 5

நிஜமாகவே வந்துவிட்டார். எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில், பட்டுச் சேலை, கையில் குடை. "நானும் வாரேன். ஆளு யாருன்னு நானும் பாக்கோணும்."

தியேட்டரில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். படத்தை எங்கே பார்த்தார்? நிமிசத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பின் வரிசையையே நோட்டம் விட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. திரையில் போதை மருந்து, கண்டெய்னர், துப்பாக்கி. நூறு பேர் சுட்டும் ஹீரோ மேல் ஒரு குண்டு படவில்லை. சுடத் தெரியாதவனையெல்லாம் எதற்கு அடியாளாக வைத்துக்கொள்கிறார்கள்?

இடைவேளைக்குப் பிறகு மலை. பனிமூட்டம். தொப்பி போட்ட ஒருத்தன் ஓடுகிறான். வளைவில் சிவப்பு டிராக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி எழுந்துவிட்டார். "தொர! ஏய், நம்ம பொன்னுத்தொரடீ!" என்று கத்தினார். பின்னாலிருந்து உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவர் உட்காரவில்லை, என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டு நின்றார். அவர் தம்பி ஸ்டீயரிங்கில் ஒரு கை வைத்து, மறு கையால் காட்டைக் காட்டி, நடிகர் மாதிரியே பேசினார். சத்தியமாக நன்றாக நடித்தார். அவ்வளவுதான், டிராக்டர் போய்விட்டது.

எங்கள் ஸ்டாப்பில் இறங்கினதும் மதினி கேட்டார், "இவனப் பாக்கத்தான் வந்தியா?"

"ஆமா மதினி." எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, நான் சிரித்தது, எல்லாவற்றையும்.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன் போ" என்றார். அப்புறம், "உன்னய நான் என்னென்னமோ பேசிப்புட்டேன்" என்றார்.

மதினி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. படத்தில் கேட்ட குரல் இவருடையது இல்லை. "அங்கிட்டுப் போகாதீக, ஆனை நிக்கிது" என்று வேறு எவனோ தடித்த தொண்டையில் பேசுகிறான். காட்டுமாட்டை யானை ஆக்கிவிட்டார்கள். அவருக்கு மெல்லிசுக் குரல், கடைசியில் ஒரு 'ங்க' போடாமல் குழந்தையிடம்கூடப் பேச மாட்டார். நாலு மாசம் தேடிக் கண்டுபிடித்தேன், அவர் வாய்க்குள்ளே வேறு ஆளை உட்கார வைத்திருக்கிறார்களே! இதை யாரிடம் போய்க் கேட்க?

படமும் குப்பை. அதை எழுதாமல் விட முடியாது.

அக்டோபர் 12, ஞாயிறு

மதினி எல்லாவற்றையும் போனில் சொன்னாராம், சுகந்தி நேற்றே வந்துவிட்டாள். மூணு பேருமாகப் போனோம். ஷிஜோ டிக்கெட்டைக் கிழிக்காமலே உள்ளே விட்டான்.

தொப்பிக்காரன் ஓடி வரும்போதே நான் ரெண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். அவர் காட்டைக் காட்டி வாயைத் திறந்தார். எனக்கு அவர் குரலிலேயே கேட்டது. 'ங்க'கூடக் கேட்டது.

கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். மதினியும் பொத்திக்கொண்டிருந்தார்.